மூன்றாம் ஓலை

மார்ச் 2

என் அன்புத் தங்கைக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். என் முட்டிவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டியும் நலமா? குட்டிக்குப் பல் முளைத்ததாக எழுதியிருந்தாய். கடிக்கக் கற்றுக்கொடு, பிற்காலத்தில் உதவும்.

போன வாரம் இங்கே புயல்காற்று. நம் கோயிலின் பெரிய ஜன்னல் போய்விட்டது. பலிபீடத்துக்கு மேலே, தலைப்பக்கம் வில்லாக வளைந்திருக்குமே, அப்பா வாலிபத்தில் பொருத்தியது, அதுதான். மறுநாள் காலை நான் அப்பாவின் கண்ணாடிக் கடையைத் திறந்தபோது வாசலில் யார் நின்றது என்று நினைக்கிறாய்? நம் "பார்க்கலாம்" மாப்பிள்ளை! சபைச் செயலாளர் என்ற முறையில் வந்தாராம். தலை நரைத்திருக்கிறது, புத்தி நரைக்கவில்லை.

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும். நிச்சயம் முடிந்து, கல்யாண ஓலை சபையில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறும் வாசித்தால் கல்யாணம். அந்த மூன்றாம் ஞாயிறு, போதகர் ஓலையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, இந்த மனுஷன் எழுந்து நின்றாரே! "ஐயா, கொஞ்சம் நிறுத்தி வைங்க. கர்த்தரோட சித்தம் இன்னும் தெளிவாத் தெரியல. ஜெபிச்சுச் சொல்றேன்."

வேண்டும் என்றாரா? இல்லை. வேண்டாம் என்றாரா? அதுவும் இல்லை. அப்பா ஞாயிறுதோறும் கோயில் வாசலில் மறித்துக் கேட்பார். "பார்க்கலாம் மாமா" என்பார். கேட்டுக் கேட்டே அப்பா கண்ணை மூடினார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மாதம் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கட்டியவளும் இல்லை, விட்டவளும் இல்லை. சபையில் எனக்குப் பெயர் "ரெண்டு ஓலைக்காரி". அந்த ஆளும் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே!

வந்தவர் ஜன்னல் அளவைப் பற்றிப் பேசினார். பிறகு போகாமல் நின்றார். தொண்டையைக் கனைத்தார். "ஊர்ல எத்தனையோ கண்ணாடி இருக்க, இது மட்டும் உடைஞ்சிருக்கு. வளைவு வெட்ட உன்னை விட்டா ஆளில்ல. எனக்கு இது அடையாளமாப் படுது. அந்த மூணாவது ஓலையை..."

என் கையில் கண்ணாடி அறுக்கும் கட்டர் இருந்தது. கர்த்தர்தான் அவரைக் காப்பாற்றினார். நான் கட்டரைக் கீழே வைத்தேன், நன்றாகச் சிரித்தேன், சொன்னேன்: "ஜெபிச்சுச் சொல்றேன்."

தங்கச்சி, அந்த இரண்டு வார்த்தையும் நாக்கில் தித்தித்தது. இத்தனை வருடமாகச் சாப்பிட்ட எதுவும் அப்படித் தித்திக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 14

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். உன் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், நின்றுகொண்டே வேலை செய்யாதே.

உன் கடிதத்தை மருத்துவமனையில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். "ஜெபிச்சுச் சொல்றேன்" என்ற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் யாருக்கு என்ன ஆனது என்று எழுந்து ஓடினாள்.

விடாதே அக்கா. அந்த ஆளை நான் ஒரு காலத்தில் அத்தான் என்று கூப்பிட்டேனே, நினைத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும்போல இருக்கிறது. அப்பா கடைசி நாட்களில் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, "மாப்பிள்ளை ஏதும் சொன்னாரா?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான்தான், "சொல்லுவாருப்பா" என்று பொய் சொன்னேன்.

அவர் நன்றாகக் காத்திருக்கட்டும். வாரம் ஒரு காரணம் சொல். அவர் உனக்குச் சொன்னதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடு. முடிந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சொல், அவர் சொல்வதுபோல. நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

குட்டி உனக்கு முத்தம் அனுப்புகிறாள், கடித்தும் வைக்கிறாள்.

உன் தங்கை


ஏப்ரல் 6

என் அன்புத் தங்கைக்கு,

தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, வலி தாங்குகிறது. எல்லாரும் சுகந்தானே?

நீ சொன்னபடியே நடத்துகிறேன். அவர் அலுவலகம் முடிந்ததும் நேராகக் கடைக்கு வருகிறார். பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிற வேலை, அவரிடம் போன காகிதம் எதுவும் முத்திரையோடு திரும்பியதாக ஊரில் யாரும் சொல்வதில்லை. வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்பார். "இன்னும் மனசுல சமாதானம் வரல" என்பேன். தலையை ஆட்டுவார். சும்மா உட்கார விடுவேனா? கண்ணாடியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்கிறேன், கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டுகிற புட்டி மாவு பிசையச் சொல்கிறேன். முந்தாநாள் புட்டி அவர் மூக்கில் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை, அப்படியே வீட்டுக்கு அனுப்பினேன்.

கோயில் ஜன்னலை இன்னும் தொடவில்லை. தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். காற்றில் அது படபடவென்று அடிக்கிற சத்தத்தில் பிரசங்கம் யாருக்கும் கேட்பதில்லை. சிலருக்கு அது ஆசீர்வாதம் என்று வை. போதகர் கேட்டார், "எப்பம்மா முடியும்?" "பார்க்கலாம் ஐயா" என்றேன். செயலாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு உறைக்கவில்லை.

இப்போது என் திட்டத்தைக் கேள். நான் சம்மதம் சொல்லப்போகிறேன். பயப்படாதே. ஓலையை முதலிலிருந்து வாசிக்கச் சொல்வேன், பழைய ஓலை செல்லாது என்பேன். ஒரு ஞாயிறு வாசிக்கட்டும், இரண்டாம் ஞாயிறு வாசிக்கட்டும், அவர் புதுச் சட்டை தைத்துக்கொள்ளட்டும், ஊருக்கெல்லாம் சொல்லட்டும். மூன்றாம் ஞாயிறு போதகர் ஓலையை எடுக்கும்போது நான் எழுந்து நிற்பேன். "ஐயா, கொஞ்சம் நிறுத்தி வைங்க. கர்த்தரோட சித்தம் இன்னும் தெளிவாத் தெரியல." ஒரு எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தை. நம் கடையில் முகக்கண்ணாடிக்கா பஞ்சம்? ஒவ்வொன்றின் முன்னும் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பழிக்குப் பழி என்றால் அளவு பார்த்து வெட்டியதுபோல இருக்க வேண்டும்.

அவர் அதற்குப் பிறகு காலமெல்லாம் காத்துக்கிடக்கட்டும். அவரும் ரெண்டு ஓலைக்காரர் ஆகட்டும்.

ஒரு சின்ன உதவி. அங்கே பெரிய கடைகளில் வெள்ளைக் கையுறை கிடைக்குமாமே, முழங்கை வரைக்கும் வருவது. ஒரு ஜோடி அனுப்பு. என் கை அளவு உனக்குத் தெரியும். கடை வேலைக்குத்தான்.

குட்டிக்கு முத்தம்.

உன் அக்கா


ஏப்ரல் 20

என் அன்பு அக்காவுக்கு,

இங்கே நலம். உன் நலத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன்.

கையுறை தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். இந்தப் பார்சலில் இருக்கிறது. கண்ணாடிக் கடைக்கு எதற்கு முழங்கை வரை வெள்ளைத் துணிக் கையுறை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். உன் கை முழுக்க வெட்டுத் தழும்பு என்பது எனக்குத் தெரியும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆனால் வேறு ஒன்று கேட்க வேண்டும். புட்டி ஒட்டிய மூக்கைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். அவர் வாடிப்போனார், இளைத்தார், தூக்கமில்லை என்று நீ எங்கேயும் எழுதவில்லையே? ஆள் எப்படி இருக்கிறார்?

என் வேலை உனக்குத் தெரியும். அவசரப் பிரிவு வாசலில் நின்று, யார் முதலில் உள்ளே, யார் பிறகு என்று பிரித்து அனுப்புவது. தப்பாகிவிடுமோ என்று பயந்து தயங்கினால் நடுவழியிலேயே ஒருத்தர் போய்விடுவார். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் ஒன்றுதான் சொல்லுவேன்: "முடிவு எடுக்காம நிக்கிறதும் ஒரு முடிவுதாண்டி. அதுக்கும் ஆள் சாகும்." இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இன்றைக்கு நாள் சரியில்லை, அவ்வளவுதான்.

ஜன்னலை மட்டும் முடித்துக் கொடுத்துவிடேன் அக்கா. அவர்மேல் உள்ள கோபத்துக்குச் சபை என்ன செய்தது?

உன் தங்கை


மே 11

என் அன்புத் தங்கைக்கு,

கையுறை வந்தது. அளவு சரி. நன்றி.

இங்கே எல்லாரும் நலம். சம்மதம் சொல்லிவிட்டேன். ஜூன் கடைசியில் முதல் ஓலை. அவர் சாம்பல் நிறத்தில் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார். நீலமா சாம்பலா என்று முடிவு செய்ய முடியாமல் தையற்காரரிடம் நான்கு தடவை போய்வந்தாராம், கடைசியில் என்னைக் கேட்டார். சாம்பல் என்றேன். அவருக்குச் சாம்பல் எடுப்பாக இருக்கும். நேற்று சாயங்காலம் கடை மூடும்போது கதவுப் பலகையை எனக்கு முன்னால் அவரே தூக்கி வைத்தார். என் முட்டிவலி அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

திட்டம் திட்டம்தான். மாற்றமில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. கோயிலில் மணியடிக்கும் பெரியவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். சரியாகிவிடும் என்கிறார்கள்.

குட்டிக்கு முத்தம்.

அக்கா


மே 19

அக்கா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

"சரியாகிவிடும் என்கிறார்கள்." யார் சொல்கிறார்கள்? எந்த வைத்தியர் சொன்னார்? போதகர் வீட்டம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். இடுப்பு எலும்பு! அந்த வயதில் இடுப்பு உடைந்தவர்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். திரும்பி நடப்பவர் குறைவு. நாம் சின்னப் பிள்ளைகளாக மணிக்கயிற்றில் தொங்கும்போது நம்மை இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்ட மனிதர் அக்கா அவர். ஈரத்தரை என்று எழுதுகிறாயே, எங்கேயிருந்து வந்தது அந்த ஈரம்? நீ போடாத கண்ணாடி வழியாக வந்தது.

"விடாதே" என்று உசுப்பிவிட்டவள் நான்தான். அதற்கு என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னது அந்த ஆளை. பெரியவரின் இடுப்பை இல்லை.

இன்னும் சொல்லட்டுமா? போதகரிடம் "பார்க்கலாம்" என்கிறாய். வருகிறவரிடம் "மனசுல சமாதானம் வரல" என்கிறாய். வேண்டும் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை, கேட்டால் கர்த்தரை முன்னால் நிறுத்துகிறாய். இதெல்லாம் யாருடைய பேச்சு? அவரைப் பழிவாங்கப் போய் அவரையே எடுத்து உடுத்திக்கொண்டாய்.

மார்ச்சில் எழுதிய கடிதத்தில் அந்த ஆளுக்குப் பெயர் "பார்க்கலாம்". மே மாதக் கடிதத்தில் அந்தப் பெயரையே காணோம். "அவர்" வந்தார், "அவர்" தூக்கினார், "அவருக்குச்" சாம்பல் எடுப்பாக இருக்கும். கையுறை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா, உனக்கு அவர் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் கட்டிக்கொள். நான் வாயைக் கழுவிவிட்டு மறுபடி அத்தான் என்று கூப்பிடுகிறேன். வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல். ஒரே வார்த்தையில் பதில் எழுது.

உன் தங்கை


ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் குட்டியே கையை விரித்துக் காட்டுகிறாள், அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

கோபமாக எழுதியது உண்மை. எழுதியதை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதையாவது எழுது.

உன் தங்கை


ஜூலை 1

என் அன்புத் தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் சுமார். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

மே கடைசியில் உன் கடிதம் வந்த அன்று உன்மேல் அப்படியொரு கோபம். கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு நான்கைந்து நாள் முன்பு, சபையின் வாயை அடைக்கவாவது ஜன்னல் வேலையைத் தொடங்கலாம் என்று பெரிய கண்ணாடியை மேசையில் படுக்கப் போட்டேன். வளைவுக்கு அச்சு வைத்து, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே இழுப்பில் கோடு போட்டேன். சத்தத்திலேயே தெரியும், நல்ல கோடு. போட்ட கையோடு கீழே தட்டி உடைத்துவிட வேண்டும். ஆறவிட்டால் கோடு மூடிக்கொள்ளும், பிறகு தட்டினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு ஓடும். அப்பா சொல்வாரே, "கோடு போட்டா உடைச்சிடு. உடைக்க மனசில்லையா, கோடே போடாத."

நான் தட்டப்போகும் நேரம் அவர் வந்து நின்றார். "அப்ப இன்னைக்கே முடிஞ்சிடுமா?" அந்த ஆவலைப் பார்த்ததும் என் வயிற்றுக்குள் பழைய பேய் எழுந்தது. "பார்க்கலாம்" என்று கட்டரைப் போட்டுவிட்டேன். கண்ணாடி கோட்டோடு அப்படியே கிடந்தது. அவர் காத்திருக்கட்டும் என்று கிடந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் போய்த் தட்டினேன். வளைவில் பாதி தூரம் வந்தது, பிறகு குறுக்கே ஓடி மூலைக்குப் போய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று அதே கோட்டின்மேல் இன்னொரு தடவை கட்டரை ஓட்டினேன். நான்! வேலை பழக வருகிறவர்களை இதற்காகவே கத்தித் தீர்க்கிறவள் நான். ஒரு கோட்டில் இரண்டு தடவை ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தே ஓட்டினேன். மேசை முழுக்கத் துண்டு. உள்ளங்கையில் வெட்டு. அப்பா இருந்திருந்தால் அந்தக் கட்டரைப் பிடுங்கி என்னை வெளியே அனுப்பியிருப்பார்.

கட்டுப் போட்ட கையோடு மணியடிக்கும் பெரியவரைப் பார்க்கப் போனேன். படுத்தபடியே கேட்டார், "ஜன்னல் ஆச்சாம்மா?" வேறு எதுவும் கேட்கவில்லை.

இனி மிச்சத்தைக் கேள். இரண்டு ஓலையும் வாசித்தாகிவிட்டது, வருகிற ஞாயிறு மூன்றாவது. நேற்று சாயங்காலம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், "இத்தனை வருஷம் உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். கஷ்டப்பட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தங்கச்சி, நான் என்ன செய்திருப்பேனோ எனக்கே தெரியாது.

அவர் யோசித்தார். அவர் யோசிப்பது உனக்குத் தெரியும், காப்பி ஆறிவிடும். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார், "கஷ்டம்னு சொல்ல முடியாது. நீ இருக்கே, கதவு திறந்திருக்கு, எப்ப வேணும்னாலும் போகலாம்னு ஒரு நிம்மதி. நல்லாத்தான் இருந்துச்சு."

நல்லாத்தான் இருந்துச்சு!

நான் வீட்டில் அழுதபோது அவருக்கு நல்லாத்தான் இருந்திருக்கிறது. அப்பா வாசலில் நின்றபோது நல்லாத்தான் இருந்திருக்கிறது. இந்த நான்கு மாதம் நான் அவரை வாட்டுகிறேன் என்று நினைத்தேனே, நீ கேட்டாயே ஆள் எப்படி இருக்கிறார் என்று? ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார். மீனைத் தண்டிக்கிறேன் என்று பிடித்து ஆற்றில் போட்டிருக்கிறேன்.

இப்போது எரிகிறதே, இதற்குமுன் எரிந்ததெல்லாம் நெருப்பே இல்லை.

ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

உன் அக்கா


ஜூலை 5

என் அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் உள்ளங்கை வெட்டைச் சுத்தமாக வைத்துக்கொள், தண்ணீர் படவிடாதே.

இது ஞாயிறுக்குள் உன் கைக்கு வராது என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுந்து நின்று "நிறுத்தி வைங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொன்னால் நீ இன்னொரு பன்னிரண்டு வருடம் அந்தக் கடையில் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருப்பாய். கர்த்தருடைய சித்தம் என்றும் சொல்லாதே. அவர் நமக்குப் புத்தியைக் கொடுத்தது நாம் அதைப் பயன்படுத்தத்தானே? உன் சித்தம் எது, அதைச் சொல். தப்பாகப் போனாலும் பரவாயில்லை. தப்பான முடிவோடு வருகிறவளைக் கர்த்தர் மன்னிப்பார். முடிவே இல்லாமல் வாசலில் நிற்கிறவளை உள்ளே எப்படி அழைப்பார்?

ஆகட்டும் என்றால் விடுமுறை போட்டு வருகிறேன், கையுறையை நானே உனக்கு மாட்டிவிடுகிறேன். வேண்டாம் என்றாலும் வருகிறேன்.

உன் தங்கை


ஜூலை 18

என் அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். கை ஆறிவிட்டது. உங்கள் மூவரையும் கர்த்தர் காக்கட்டும்.

உன் கடிதம் ஞாயிறு கழித்துத்தான் வந்தது. நல்லவேளை. முன்பே வந்திருந்தால் நீ சொல்லிச் செய்ததாகிவிடும்.

அன்றைக்குக் காலையில் எழுந்து கையுறையை மாட்டிப் பார்த்தேன். ஆம், கல்யாணத்தன்று மாட்டத்தான் வாங்கினேன். ஏப்ரலிலேயே, பழிவாங்கும் திட்டத்தை உனக்கு எழுதிய அதே கடிதத்தில் அதையும் கேட்டேன். முகக்கண்ணாடி முன்னால் நின்றேன். தழும்பெல்லாம் மறைந்து, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கை. பிறகு கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

சாம்பல் கோட்டு வாசலில் நின்றது. என் முகத்தில் எதைக் கண்டாரோ, பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "உனக்குத் தயக்கமா இருந்தா தள்ளிப் போட்டுக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நான் எழுந்து சொல்வதற்காக மூன்று மாதம் மனப்பாடம் செய்த தண்டனையை, அவரே பரிசாகக் கேட்டு நின்றார்!

போதகர் எங்கள் இருவரையும் குறிப்பிட்டு மூன்றாம் ஓலையை வாசித்தார். இதற்குத் தடை சொல்ல யாரேனும் உண்டா என்று கேட்டார். தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். சபை முழுக்கத் திரும்பியது. அத்தனை வருடம் "ரெண்டு ஓலைக்காரி" என்ற வாய்களெல்லாம் மூடியிருந்தன.

"நான் சொல்றேன் ஐயா. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்."

அவர் எழுந்தார். "இப்பவேவா? கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

"ஒருவேளை கர்த்தர்..."

"கர்த்தரை இழுக்காதீங்க. சொல்றது நான். இன்னைக்கும் வேண்டாம், அடுத்த வாரமும் வேண்டாம், எப்பவும் வேண்டாம். ஸ்டூலை உள்ள எடுத்து வெச்சுட்டேன், இனிமே கடைக்கு வராதீங்க."

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கதவு சாத்துவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்த முகம். எல்லார் முன்னாலும் அழுதார். அந்த அழுகையைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடம் பசியோடு இருந்தேன். பார்த்தேன், வயிறு நிறைய. "இது அப்பாவுக்கு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். பழி தீர்ந்ததா என்று கேட்பாய். தீர்ந்தது. இனித்ததா என்று கேட்காதே.

எல்லாரும் போன பிறகு முழங்காலில் நின்றேன். எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா நான் அப்படி நின்று! முட்டிவலியில் உயிர் போனது. ஆண்டவரே, அவர் தன் பயத்தை மறைக்க உம்மைத் திரையாகப் பிடித்தார், நான் என் ஆங்காரத்தை மறைக்கப் பிடித்தேன், இரண்டு பேரும் உம்மைக் கேட்கவே இல்லை என்றேன். அந்தக் காலத்தில் மூன்றாம் ஓலைக்கு அவர் எழுந்து நின்றாரே, அதிலேயே எனக்கான பதில் இருந்தது. அதைக் கேட்க எனக்குத்தான் மனசில்லை. கேட்டால் முடிந்துவிடுமே என்று நானும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அதையும் சொன்னேன்.

மறுநாள் புதுக் கண்ணாடியை மேசையில் போட்டேன். ஒரே இழுப்பு. கோடு போட்ட கையோடு தட்டினேன். வளைவு முழுக்கச் சுத்தமாக வந்தது. போன சனிக்கிழமை பொருத்தி முடித்தோம். பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்து காட்டினார்கள். அவர் இன்னும் நடக்கவில்லை. தினமும் காலையில் போய் அவர் வீட்டு வேலை முடித்துவிட்டுத்தான் கடை திறக்கிறேன், அது என் வேலை.

செயலாளர் ராஜினாமா செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

நீ வருவதாக எழுதியிருக்கிறாய். வா. குட்டியைக் கூட்டிக்கொண்டு வா, கண்ணாடிக்குக் கிட்டே மட்டும் விடாதே.

கையுறையைத் திருப்பி அனுப்பவில்லை. பெரிய முகக்கண்ணாடிகளைத் தூக்கி மாட்டும்போது போட்டுக்கொள்கிறேன். விரல் தடம் படாமல் இருக்கிறது. உனக்கு என் கை அளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன் அக்கா